கிண்ணம் தட்டக் கற்றது ஓசூரில்

1

படிவத்தில் எட்டுக் கேள்விகளுக்கு ஐந்து நிமிடத்தில் பதில் எழுதிவிட்டேன். ஒன்பதாவதில் மாட்டிக்கொண்டேன். 'ஒலித் தியானத்தை எங்கே, யாரிடம் கற்றீர்கள்? சான்றிதழின் நகலை இணைக்கவும்.'

இந்த நாட்டில் படிவம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. நாய் வளர்க்கப் படிவம், வாசலில் நிற்கும் மரத்தை வெட்டப் படிவம், பிள்ளை சுற்றுலா போகப் படிவம். மெல்பர்னுக்கு வந்த இந்த ஒன்பது வருடத்தில் நான் நிரப்பிய தாள்களை அடுக்கினால் என் இடுப்பு உயரத்துக்கு வரும். எதிலும் பொய் எழுதியதில்லை. இதில்தான் எழுதச் சொன்னார்கள், அதுவும் சிரித்த முகத்தோடு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒலித் தியானம் என்றால் என்ன என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். பாய் விரித்து, கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார்கள். தலைமாட்டில் கனமான வெண்கலக் கிண்ணங்கள் இருக்கும். தோல் சுற்றிய கட்டையால் ஒன்றை மெல்லத் தட்டினால் அது ஒரு நிமிடத்துக்கும் மேலே நின்று பாடும். அந்தச் சத்தத்தின் பின்னாலேயே மனசு போகும். போகிற வழியில் வீட்டுக் கடனையும் மாமியாரையும் கொஞ்சம் மறக்கும். படுத்துக்கொண்டு கேட்பதற்கு ஒரு வகுப்பா என்று சிரிக்காதீர்கள். நானும் சிரித்தவள்தான்.

எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தில் இந்த வகுப்பை ஹெலன் என்ற அம்மையார் நடத்திவந்தார். நான் அதே கூடத்தில் தரை துடைப்பவள். ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கிண்ணங்களை ஓரமாக எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் வைக்கும்போது விரல் முட்டியால் ஒரு தட்டு. நான் யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. ஏழில் ஐந்தாவது கிண்ணத்தின் சத்தம் பாதியில் செத்தது.

"இதில் விரிசல் இருக்கிறது" என்றேன் ஹெலனிடம், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"அது முன்னூறு வருடப் பழசு. இமயமலையிலிருந்து வந்தது" என்றார் அவர், கொஞ்சம் சூடாக.

எங்கிருந்து வந்தாலும் விரிசல் விரிசல்தான். பதினைந்து நாளில் அடிப்பக்கத்தில் முடி போல ஒரு கோடு வெளியே தெரிந்தது. அப்புறம் ஹெலன் என்னை உட்கார வைத்து டீ கொடுத்து, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த வாரம் கட்டையை என் கையில் கொடுத்தார். அவருடைய மகன் இருக்கும் வடக்குப் பக்கத்துக்கு அவர் குடிபோனபோது ஆறு கிண்ணங்களையும் என்னிடமே விட்டுப் போனார். ஒரு வருடமாக வெள்ளிக்கிழமை வகுப்பு என்னுடையது. மற்ற நான்கு நாள் அதே கூடத்தில் துடைப்பமும் என்னுடையதுதான்.

என் இங்கிலீஷைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓசூர், பெங்களூர் பக்கத்தில் 'சும்மா' என்பதற்கு எல்லோரும் 'சிம்ப்ளி' என்போம். முதல் வகுப்பில் நானும் "சிம்ப்ளி படுங்கள், சிம்ப்ளி கேளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் அதை ஏதோ தத்துவம் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஒரு பாட்டியம்மா வந்து உட்கார்ந்ததும், "மஞ்சுளா, இன்று நான் சிம்ப்ளி வந்திருக்கிறேன்" என்கிறார்.

2

கூடத்தின் மேலாளர் டெப்ரா. நல்லவர். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் நீங்கள் கதையில் வில்லியைத் தேடுவீர்கள். காப்பீட்டுக்காகப் படிவத்தைக் கொடுத்ததும், புது அறிவிப்புத் தாளில் என் வகுப்பைப் பெரிதாகப் போடுகிறேன் என்று சொன்னதும் அவர்தான். அந்தத் தாளுக்கு என்னைப் பற்றி நான்கு வரி வேண்டும் என்றார். என் மகள் ஸ்வேதா எழுதித் தந்தாள். ஒன்பது வயதில் இங்கே வந்தவள், இப்போது கல்லூரியில் விளம்பரப் படிப்புப் படிக்கிறாள்.

அவள் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இமயத்தின் அடிவாரத்தில், கோயில் மணியோசையின் நடுவே வளர்ந்த மஞ்சுளா, தன் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த ஒலி ரகசியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறார்.'

நான் பிறந்தது ஓசூர்ப் பக்கத்து ஜவளகிரி. தளி தாண்டிக் காட்டோரம். இமயமலையை நான் விமான ஜன்னலில்கூடப் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்தது ராகிக் கொல்லையில் யானையை விரட்டத் தகரம் தட்டுவது. வேண்டுமானால் அதை ஒலி ரகசியம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"இது யாருடி?" என்றேன்.

"அம்மா, இது மார்க்கெட்டிங்மா. எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க."

"ஓசூர்னு போட்டா என்ன?"

"ஓசூர் யாருக்கும்மா தெரியும்? ஃபேக்டரில கல்லு தட்டினேன்னு போட்டா, அதைப் படிச்சிட்டு யாரு வந்து கண்ண மூடிப் படுப்பாங்க?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது. தோழிகளிடம் அவள் என்னைப் பற்றி "அம்மா வெல்னஸ் துறையில இருக்காங்க" என்று சொல்வது எனக்குத் தெரியும். துடைப்பத்தையும் சொல்வதில்லை, தொழிற்சாலையையும் சொல்வதில்லை. இரண்டையும் வைத்துத்தான் அவள் வளர்ந்தாள்.

"இரவல் புடவையக் கட்டிக்கிட்டு ஊர்வலம் போகச் சொல்றியா?" என்று கேட்டேன். அது அவளுக்குப் புரியவில்லை. இரவல் என்றால் என்ன என்று கேட்டாள். கோபத்தின் நடுவே அகராதி பிரிக்க வேண்டியதாயிற்று.

திபெத்துக்காரர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர்கள் கிண்ணத்தைத்தான் நான் தட்டுகிறேன், அதை மறைக்கவும் மாட்டேன். ஆனால் அவர்கள் மலையைத் தூக்கி என் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? நான் கற்ற இடம் எனக்கு இருக்கிறது. அதற்குச் சுவர் இருந்தது, கதவு இருந்தது.

3

அது ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பற்சக்கரத் தொழிற்சாலை. பெயரைச் சொல்லப் போவதில்லை, இப்போது அதற்கு வேறு பெயர். உள்ளே சாணை இயந்திரங்கள் வரிசையாக ஓடும். அவற்றில் மாட்டுகிற வட்டச் சாணைக்கல்லைக் 'கல்லு' என்றே சொல்வோம். லாரியில் வரும் கல்லில் விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதை மாட்டி முழு வேகத்தில் சுற்றவிட்டால் வெடிக்கும். குண்டு போலச் சிதறும். அதனால் மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் கம்பியில் தொங்கவிட்டு மரச்சுத்தியால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல கல் கணீரென்று சொல்லும். விரிசல் விட்ட கல் 'தொப்' என்னும். அவ்வளவுதான் வேலை. அந்த வேலையைப் பதினொரு வருடம் செய்தேன்.

கேட்கிற வேலை என்பதால் எங்களுக்கு ஒரு தனி அறை கொடுத்திருந்தார்கள். தடிமனான சுவர், கனமான கதவு. கதவைச் சாத்தினால் பக்கத்துப் பிரிவில் இரும்பை அடிக்கும் பிரஸ் மெஷினின் இடி பாதியாகக் குறையும். முழுத் தொழிற்சாலையிலும் காது ஓய்கிற இடம் அது ஒன்றுதான். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர். நானும் நூர் அக்காவும்.

நூர்ஜஹான் என்னைவிட நான்கு வயது பெரியவள். அவள் வீட்டுக்காரர் கறிக்கடை வைத்திருந்தார். எனக்கு ஆறு மாதம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள், அவ்வளவுதான் சீனியர். ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தாள். கல்லைத் தட்டினால் சத்தம் முழுக்க அடங்கும்வரை அடுத்ததற்குக் கை போகக்கூடாது.

"என்னாத்துக்கு அவசரம்? அது பேசி முடிக்கட்டும். பாதியில எழுந்து போனா மனுசனுக்கே கோவம் வருது, கல்லுக்கு வராதா?" என்பாள்.

சாணைக்கல் கிண்ணம் போல நெடுநேரம் பாடாது. பொய் சொல்ல மாட்டேன், அதன் சத்தம் ஒரு மூச்சுக்குத்தான் நிற்கும். ஆனால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை அந்த ஒரு மூச்சுக்குக் காத்திருந்து பாருங்கள். ஷிப்ட் முடியும்போது உடம்பு அலுத்திருக்கும், தலை மட்டும் தெளிவாக இருக்கும்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கமிருந்து காண்ட்ராக்ட்டில் வந்த பெண்கள் பலர் பிரஸ் பிரிவில் இருந்தார்கள். அஞ்செட்டிக்காரிகள் விடியும் முன் பஸ் பிடித்து வருவார்கள். சாப்பாட்டு இடைவேளையில் தலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்கு வருவார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒரே புகார்தான், காதுக்குள்ளே இரைச்சல் நிற்கவில்லை. முதல் முறை யார் கேட்டது என்று நினைவில்லை. நூர் அக்கா, "சுவத்துல சாஞ்சி உக்காருங்க, கண்ண மூடுங்க" என்று சொல்லிவிட்டு, இருப்பதிலேயே பெரிய நல்ல கல் ஒன்றைத் தட்டினாள். அடங்கும்வரை காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். கால் மணி நேரம். சிலர் தூங்கிவிட்டார்கள். ஒருத்தி காரணம் சொல்லாமல் அழுதாள். அடுத்த நாள் இன்னும் நான்கு பேர் வந்தார்கள்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. அந்தக் கல்லுக்கு நாங்கள் அனுமதிச் சீட்டே ஒட்டவில்லை. ஒட்டினால் மெஷினுக்குப் போய்விடும் என்று சாக்குப்பைக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். மேலதிகாரி கேட்டால் 'இன்னும் டெஸ்ட் ஆகவில்லை' என்று சொல்வோம். ஷிப்ட் எஞ்சினியர் கன்னடக்காரர், ஒருநாள் கதவைத் திறந்தார். பன்னிரண்டு பெண்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனம்மா இது? ஃபேக்டரியா, பஜனை மடமா?"

"லஞ்ச் டைம் சார். சும்மா உக்காந்திருக்கோம்" என்றாள் நூர் அக்கா, கை சுத்தியை விடவில்லை.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். இங்கே மெல்பர்னில் நான் செய்வதற்கும் அன்று அங்கே நடந்ததற்கும் என்ன வித்தியாசம்? இங்கே பாய் இருக்கிறது.

4

அந்த அறையில் அமைதி மட்டும் இருந்தது என்று நினைக்காதீர்கள். சண்டையும் இருந்தது.

விரிசல் விட்ட கல்லில் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு மூலையில் அடுக்க வேண்டும், தர அதிகாரி வந்து கையெழுத்துப் போட்ட பிறகு உடைக்க வேண்டும் என்பது விதி. அவர் வர நான்கு நாள் ஆகும். அதற்குள் கல் தட்டுப்பாடு வந்தால் மூலையில் இருப்பதில் ஒன்றைத் துடைத்து எடுத்துப் போய்விடுவார்கள். அப்படி ஒரு முறை போனது. நூர் அக்கா குறி போட்ட கல். மதியம் மெஷினில் வெடித்தது. அதில் நின்றிருந்த குமார் அண்ணனுக்கு ஒரு கண் போனது.

அன்றிலிருந்து நாங்கள் எங்கள் விதியை வைத்துக்கொண்டோம். செத்த சத்தம் கேட்டால் குறி கிடையாது, மூலை கிடையாது. அங்கேயே தரையில் போட்டு உடைப்போம். உடைத்த பிறகுதான் தகவல் சொல்வோம்.

"யாரு உடைக்கச் சொன்னது?" என்று கத்தினார்கள்.

"கை தவறிடுச்சி சார்" என்போம். ஒரே வாரத்தில் ஐந்து முறை கை தவறியது. இரண்டு பேருக்கும் மூன்று நாள் வேலை இல்லை என்றார்கள். நான்காம் நாள் வந்தோம். அன்றும் கை தவறியது. எங்களுக்குப் பதிலாகக் காது உள்ளவர்கள் கிடைக்காததால் விட்டுவிட்டார்கள். நாங்கள் தட்டி அனுப்பிய கல் ஒன்றுகூட ஒருநாளும் வெடிக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது, மறைக்கவில்லை.

5

'நிறுவனச் சான்றிதழ், அல்லது உங்களுக்குக் கற்றுத்தந்தவரிடமிருந்து ஒரு கடிதம். இரண்டும் இல்லாவிட்டால் இணையத்தில் இரண்டு நாள் படிப்பு ஒன்று இருக்கிறது, முடித்ததும் குரு பரம்பரையோடு சான்றிதழ் வரும்' என்று டெப்ரா சொன்னார். நான் ஜனவரியில் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஊருக்குப் போவதாக இருந்தது. கற்ற இடத்திலிருந்தே வாங்கி வருகிறேன் என்றேன். அதுவரை ஸ்வேதா எழுதியதைப் போடாதீர்கள் என்றும் சொன்னேன். டெப்ரா தலையாட்டினார்.

பெங்களூர் விமான நிலையத்திலிருந்து வந்தால் அத்திப்பள்ளியில் தொடங்கி ஜூஜுவாடி வரை லாரி வரிசை. அதைத் தாண்ட ஒரு மணி நேரம் ஆனது. ஊர் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கவில்லை. தொழிற்சாலை வாசலில் புதுப் பெயர், கண்ணாடிக் கதவு, விரல் வைத்தால் திறக்கிற பூட்டு. மனிதவளப் பிரிவில் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். அவர் மரியாதையாகத் தேடினார்.

"கோவிச்சுக்கிடாதீங்கக்கா, உங்க பேரு சிஸ்டத்துல வரலியே."

"காண்ட்ராக்ட்ல இருந்தேன் தம்பி. பதினோரு வருசம்."

பழைய ஒப்பந்தக்காரரின் வருகைப் பட்டியல் ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் கழித்து என் பெயர் கிடைத்தது. நூர் அக்காவின் பெயர் அதற்கு மேலே. இரண்டுக்கும் நேராக ஒரே பதவி: துப்புரவு உதவியாளர்.

நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். துப்புரவு கேவலம் என்று அல்ல. அதைத்தான் இங்கே செய்கிறேன், தலை நிமிர்ந்துதான் செய்கிறேன். ஆனால் அன்று நாங்கள் செய்தது அது இல்லை. கல் தட்டுபவருக்குக் கூலி அதிகம், அதனால் காகிதத்தில் எங்களைத் துடைப்பக்காரிகளாக்கி வைத்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று சோற்றுக்கும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

"துப்புரவுப் பணின்னு வேணா கடிதம் தாரேன்க்கா. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் தப்பில்லை.

"வேணாம் தம்பி. பொய்யி ஏற்கெனவே ஒண்ணு கைவசம் இருக்குது" என்று எழுந்துவிட்டேன்.

6

நூர் அக்கா இப்போது மகன் வீட்டில், பாகலூர் சாலைப் பக்கம் இருக்கிறாள். நான் உள்ளே போனதும் முதலில் என் எடையைப் பற்றிப் பேசினாள், பிறகு பிரியாணி வைத்தாள், அதன் பிறகுதான் காது கொடுத்தாள். இமயமலைக் கதையைச் சொன்னபோது சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பட்டியலில் இருந்த பதவியைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

"எனக்கும் அதேவா போட்டிருக்கான்?"

"உனக்கும்தான் அக்கா."

அவள் தட்டுகளை ஒதுக்கி வைத்தாள். குமார் அண்ணன் போன வருடம் இறந்துவிட்டார் என்று சொன்னாள். அவர் வீட்டுக்கு இவள்தான் ஒவ்வொரு ரம்ஜானுக்கும் சாப்பாடு கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாளாம். பிறகு கேட்டாள்:

"கத்துக்குடுத்தவங்க கடுதாசி குடுத்தா ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்குவாங்க."

"அப்ப நான் குடுக்கறேன். அதுக்கோசரம் ஏன் கம்பெனிகாரன் கால்ல போய் வுழுந்த?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வெளிநாட்டுக்குப் போய் எனக்கும் முத்திரை வியாதி பிடித்துவிட்டது. ரப்பர் முத்திரை இல்லாத உண்மையை உண்மையாகவே நினைக்காமல், விமானம் ஏறி வந்து அந்தக் கண்ணாடிக் கதவைத் தட்டியிருக்கிறேன். நூர் அக்கா நினைவுக்கு வரவே இல்லை. சாப்பிடத்தான் அவள் வீட்டுக்கு வந்தேன். அதையும் அவளிடம் சொன்னேன். "பரவால்ல, பிரியாணிக்காவது வந்தியே" என்றாள்.

கோடு போட்ட தாளில் அவளே எழுதினாள். 'மஞ்சுளா என்னோடு பதினொரு வருஷம் கல்லு தட்டும் ரூமில் வேலை பார்த்தது. நல்ல கல்லு எது, செத்த கல்லு எது என்று காதால் சொல்லும். அது அனுப்பின கல்லு ஒண்ணுகூட வெடிக்கவில்லை. சத்தம் அடங்கும் வரைக்கும் காத்திருக்கும். தலைவலி என்று வந்த பொம்பளைங்களுக்கு நாங்க ரெண்டு பேரும் தட்டிக் காட்டினோம். அவங்களுக்கு நல்லா இருந்தது. இது சத்தியம்.' கீழே கையெழுத்து. பதவி என்ன போடுவது என்று கேட்டேன்.

"கல்லு தட்டறவளுன்னு போடு. வேற என்னா?"

7

திரும்பி வந்ததும் கடிதத்தை இங்கிலீஷில் மாற்ற ஸ்வேதாவை உட்கார வைத்தேன். அவள் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அது என் குற்றம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பாமல் நீச்சலுக்கு அனுப்பியவள் நான்தான். நான் வரி வரியாகப் படித்தேன், அவள் தட்டச்சு செய்தாள். 'ஒண்ணுகூட வெடிக்கவில்லை' என்ற இடத்தில் விரல் நின்றது.

"வெடிச்சா என்னம்மா ஆகும்?"

குமார் அண்ணன் கதையை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். உடைத்ததையும் சொன்னேன், மூன்று நாள் வேலை போனதையும் சொன்னேன். அப்போது அவள் கைக்குழந்தை. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அவளோடு முழுதாகக் கிடைத்த மூன்று நாள்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, நான் அந்த நாலு வரிய, நீ ஓகே சொல்லிட்டேன்னு எழுதி, டெப்ராவுக்கு அப்பவே அனுப்பிட்டேன். நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே."

"ஏண்டி?"

"நீ கடைசில ஓகே சொல்லிடுவேன்னு நெனச்சேன். எப்பவும் சொல்லிடுவியே."

அது உண்மை. இந்த ஊரில் நான் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிப் பழகிவிட்டேன். கல்லை உடைத்தவள்தான், ஆனால் ஒன்பது வருடமாக ஒன்றையும் உடைக்கவில்லை.

காப்பீட்டுக்காரர்கள் நூர் அக்காவின் கடிதத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியது கிண்ணம் யார் தலையிலும் விழாது என்ற உறுதி மட்டும். டெப்ராவும் கடிதத்தைப் படித்துவிட்டு மிக அருமை, மனதைத் தொட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அறிவிப்புத் தாள் அச்சாகி வந்துவிட்டது. இமயமலையோடுதான். அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான், அப்போது பார்ப்போம். "யாரும் அதையெல்லாம் ஊன்றிப் படிப்பதில்லை, மஞ்சுளா."

யாரும் படிப்பதில்லை என்றால் அச்சடிப்பானேன்?

8

வியாழக்கிழமை மதியம் என் துப்புரவு நேரம். முன்கூடத்து மேஜையில் அறிவிப்புத் தாள்கள் இரண்டு கட்டாக இருந்தன. தரையைத் துடைத்து முடித்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் தாளை எடுத்து என் வகுப்பு இருந்த பக்கத்தைத் திருப்பினேன். அந்த நான்கு வரியைப் பேனாவால் அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: 'ஓசூர், சாணைக்கல் சோதனை அறை. உடன் தட்டியவர்: நூர்ஜஹான்.' தமிழில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி. அடுத்த தாள்.

முப்பது தாள் முடிந்தபோது ஸ்வேதா என்னைக் கூட்டிப்போக வந்தாள். வெளியே காரிலிருந்து ஹாரன் அடித்தாள். நான் எழவில்லை. உள்ளே வந்து பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, இதெல்லாம் பண்ணக்கூடாதும்மா. பேசிப் பாக்கலாம், மெயில் போடலாம்."

"மெயில் போட்டது நீதானே?"

எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பிறகு பையிலிருந்து தன் பேனாவை எடுத்தாள். "நான் அனுப்பினதை நான் அடிக்கறேன். நீ எழுது" என்றாள். அவள் அடித்தாள், நான் எழுதினேன். வேலை வேகமாக நடந்தது.

இரண்டாவது கட்டில் பாதிக்கு வந்தபோது டெப்ரா அறையிலிருந்து வெளியே வந்தார். தாள்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மஞ்சுளா, இது கூடத்தின் சொத்து. என்ன செய்கிறீர்கள்?"

இந்த வேலை போனால் இரண்டும் போகும், துடைப்பமும் கிண்ணமும். ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"துடைக்கிறேன்" என்றேன். "இரண்டு நாட்டுக் காகிதத்திலும் அதுதானே என் வேலை?"

டெப்ரா ஒரு தாளை எடுத்து நெடுநேரம் படித்தார். நிர்வாகக் குழு பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மிச்சம் இருந்ததை நாங்கள் அடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தோம்.

மறுநாள் வகுப்பில், படுக்கச் சொல்வதற்கு முன் எல்லோரிடமும் சொன்னேன். நான் இமயமலை இல்லை. நான் ஓசூர். ஒரு தொழிற்சாலையில் கல் தட்டினேன், அங்கேதான் கேட்கக் கற்றேன். மலைக்காக வந்தவர்கள் எழுந்து போகலாம், கோபப்பட மாட்டேன். பதினைந்து பேரில் நான்கு பேர் எழுந்து போனார்கள். அவர்கள் செருப்பு மாட்டி, கதவு சாத்துகிறவரை காத்திருந்தேன். அதன் பிறகு முதல் கிண்ணத்தைத் தட்டினேன்.

குழுவின் முடிவு பத்து நாள் முன்னால் வந்தது. கூடத்தின் தாளில் எழுதியதற்கு எச்சரிக்கை. வகுப்பு நடக்கலாம். ஆனால் இனி எந்த அறிவிப்பிலும் என் வகுப்பு இடம்பெறாது. விளம்பரம் இல்லாவிட்டால் கூட்டம் தேயும், தெரியும். போன வெள்ளிக்கிழமை எட்டுப் பேர்தான். ஸ்வேதா பின்வரிசையில் படுத்திருந்தாள், அவளைச் சேர்த்து ஒன்பது. ஆள் குறைந்ததற்காக நான் ஒரு கிண்ணத்தைக்கூடக் குறைத்துத் தட்டவில்லை.

திருத்திய தாள் ஒன்றை நூர் அக்காவுக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன். நேற்றுக் காலை அவளிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் சண்டைதான்.

"ஏண்டி மஞ்சு, எம்பேர ஏன் இம்மாம் சின்னதா எழுதிருக்க? கண்ணாடி போட்டாத்தான் தெரியுது."

"ஓரத்துல அவ்ளோதான் எடம் இருந்துச்சி அக்கா."

"எடம் இல்லியா? அந்த மலைய அடிச்சிருக்கியே, அது சும்மாதானே கெடக்குது. அதுமேல எழுது."